பத்துக்குப் பத்து முழம்

ஐம்பதுகளின் நடுவில் நோன்பு மாதம் கோடையில் வந்துகொண்டிருந்தது. அப்படியொரு கோடையில், நோன்புக்குச் சில நாட்களே இருக்கும்போது, எங்கள் பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் அகலத்தை நான் அளந்தேன். கல்லூரி ஆய்வுக்காக அளந்தது அது. அந்த அளவை வெளியே சொன்னால் எங்கள் தெருவின் குடிதண்ணீர் போய்விடலாம் என்பது, நாடாவைச் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் அப்போது விலங்கியலில் பட்டமேற்படிப்பு ஆய்வு மாணவன். உயிர்களையும் அவை வாழும் இடத்தையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு இன்று சூழலியல் என்று பெயர் இருக்கிறது. அன்று என் வீட்டில் அதை விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். நீர்நிலை ஒன்று வற்றும்போது அதில் வாழ்பவற்றுள் எது முதலில் சாகிறது, எது சேற்றில் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது என்பது என் ஆய்வுப் பொருள். கோடையில் வற்றும் நீர்நிலைகளுக்குத் திண்டுக்கல் சமவெளியில் பஞ்சம் இல்லை. ஆகவே பேராசிரியரிடம் அனுமதி பெற்று, மாசி மாதமே ஊர் திரும்பி, சைக்கிளில் வலையும் சீசாக்களும் கட்டிக்கொண்டு ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கண்மாய்களிலும் வடமதுரைப் பக்கத்துக் குளங்களிலும் அலைந்தேன்.

பங்குனி முடிவதற்குள் அவை அத்தனையும் வெடித்த சேறாகிவிட்டன. வடமதுரைக்கு அருகே கடைசியாக ஒரு குளத்தில் முழங்கால் அளவு சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது, கரையில் நின்ற நடுவயது விவசாயி ஒருவர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"ஏலே அப்பு, மீனத்தான் போன மாசமே அள்ளிட்டோமே. இன்னும் என்னத்தத் துழாவுற?"

"நத்தை இருக்கான்னு பாக்குறேன்."

"நத்தையா? இதுக்கா படிக்க வச்சாக? வீட்டுல சொல்லிப்புடாத. மனசு விட்டுருவாக."

பிறகு அவரே கை கொடுத்து என்னைக் கரையேற்றினார். அவருடைய கிணறும் வற்றிப்போயிருந்தது. சும்மா கிடந்த ஆயில் எஞ்சினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், கேட்பவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே எல்லாம் வற்றிய பிறகு என் ஆய்வுக்கு மிஞ்சியது எங்கள் தெருப் பள்ளிவாசலின் ஹவுளு மட்டும்தான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்வதற்காகக் கட்டிய சதுரத் தொட்டி அது. நான்கு பக்கமும் படிகள் உள்நோக்கி இறங்கும். கெண்டையும் கெளுத்தியும் குறவையும் தலைமுறைகளாக அதில் வாழ்ந்தன. யாரும் அவற்றைப் பிடிப்பதில்லை. காலை நீட்டிக் கழுவும்போது குஞ்சுகள் வந்து குதிகாலைக் கொத்தும். வாரந்தோறும் அதன் ஆழத்தையும் வெப்பத்தையும் உயிர்களையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹவுளுக்கு ஒரு விதி உண்டு. நீரின் பரப்பு பத்து முழத்துக்குப் பத்து முழம் இருந்தால் அது பெரிய தண்ணீர். நூறு பேர் கையை விட்டுக் கழுவினாலும் அதன் தூய்மை கெடாது. அதற்குக் குறைந்தால் சின்னத் தண்ணீர். கையை உள்ளே விட்டு ஒளு செய்யக் கூடாது. படிகள் உள்நோக்கி இறங்குவதால், நீர் கீழே போகப் போகப் பரப்பும் குறுகும். எந்த மட்டத்தோடு பத்து முழம் முடிகிறது என்பதற்குக் கட்டியவர்கள் படிக்கல்லில் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றால் யாருக்கும் கவலை இல்லை.

அந்த வாரம் தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது. வழக்கம்போல் நாடாவைப் பிடித்தேன். ஒன்பது முழமும் சொச்சமும்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்தேன். குறுக்கே அளந்தேன். மாறவில்லை.

காரணம் புரியச் சிறிது நேரம் பிடித்தது. முந்திய ஆண்டு ஹவுளில் கசிவு கண்டபோது, உட்புறம் முழுவதும் ஒரு வரிசைச் செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். ஒரு செங்கல்லின் நீளம் ஒரு சாண். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் உள்ளே வந்தால் ஒரு முழம் போய்விடும். பழைய கோடு செங்கல்லுக்குப் பின்னால் மறைந்ததால், புதிய கோட்டை அதே உயரத்தில் வெட்டிவிட்டார்கள். உயரத்தைக் கவனித்தவர்கள் அகலத்தை மறந்தார்கள். அந்த ஆண்டு நல்ல மழை. தண்ணீர் கோட்டுக்கு வரவே இல்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

பக்கத்தில் நின்று அந்த வேலையை வாங்கியவர் என் தகப்பனார், எங்கள் வழக்கில் அத்தா.

இது தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஹவுளை நிரப்பச் சொல்வார்கள். நிரப்புவதற்கு இருந்தது ஒரே ஒரு கிணறு. பள்ளிவாசல் வளாகத்தின் பின்மூலையில் இருந்த அந்தக் கிணற்றைத்தான் தெரு முழுவதும் குடித்தது. இரண்டு தொழுகைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பக்கவாட்டுச் சிறு கதவு வழியாகப் பெண்கள் வந்து இறைத்துக்கொண்டு போவார்கள். சுற்றுவட்டாரத்தில் மற்றக் கிணறுகளெல்லாம் உப்பு. அடுத்த தெருக் கிணறும் ஒரு காலத்தில் நல்ல தண்ணீர்தான். ஒரு கல்யாணத்துக்காக எஞ்சின் வைத்து இரண்டு நாள் விடாமல் இறைத்தார்கள். அதற்குப் பிறகு அது துணி துவைக்க மட்டுமே ஆயிற்று. பாறை இடுக்கில் ஊறும் நல்ல ஊற்று மெதுவாகத்தான் சுரக்கும். அதைவிட வேகமாக இறைத்தால், காலியான இடத்தைச் சுற்றிலும் நிற்கும் உப்பு நீர் வந்து நிரப்பும். ஹவுளோடு சேர்த்து எங்கள் கிணற்றையும் நான் சோதித்து வந்தேன். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால், உப்பின் அளவுக்கேற்ப நீர் வெண்மையாகத் திரியும். அந்தக் கோடையில் வெண்மை கூடிக்கொண்டே வந்தது. நாக்குக்கு அது இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டின்போது அத்தாவிடம் சொன்னேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தா, தண்ணி கோட்டுலதான் நிக்கிது. ஆனா பத்து முழம் இல்ல."

அத்தாவின் கை சோற்றில் நின்றது. "எம்புட்டு இருக்கு?"

"ஒம்பது. கொஞ்சம் கூட."

"சரியா அளந்தியா?"

"எல்லாப் பக்கமும் அளந்துட்டேன்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செங்கல்லு" என்றார். அந்த ஒரு சொல்லுக்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அசருக்கப்பறம் ஜமாஅத்துல சொல்லிருவோம்" என்றார்.

"செத்தப் பொறுங்க அத்தா. சொன்ன உடனே மாமா எஞ்சின் வச்சு ஹவுளை ரொப்பச் சொல்வாரு. கிணறு தாங்காது. உப்பாயிட்டாத் திரும்பாது."

"அதுக்காக? தொழுகை கொறையுதுன்னு தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அம்மா குழம்புச் சட்டியை இறக்கிவைத்தார். "ரெண்டையும் சேத்துச் சொல்லுங்களேன். ஹவுளு சின்னதுன்னும் சொல்லுங்க, கிணறு தாங்காதுன்னும் சொல்லுங்க."

"மொதல்ல சொல்றதத்தான் உங்க அண்ணன் கேப்பாரு. ரெண்டாவதச் சொல்றதுக்குள்ள வண்டி கட்டிருவாரு."

தங்கை சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் அண்ணனை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அவர். பள்ளிவாசல் பின்சுவருக்கு அப்பால் இருந்த தோல் ஷாப்பு அவருடையது. உப்பிட்டு வரும் பச்சைத் தோல்களைத் தொட்டிகளில் ஊறவைத்து, சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் போட்டுப் பதப்படுத்தும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி என் அத்தா. என் தங்கையைக் கட்டியிருந்தது மாமாவின் மகன். எங்கள் வீட்டில் எரிந்த அடுப்பு, நான் படித்த படிப்பு, தங்கையின் வாழ்வு எல்லாம் அந்த ஒரு மனிதரோடு பிணைந்திருந்தன. தாராளமானவர், கேட்பதற்கு முன்பே கொடுப்பவர். தாம் கொடுக்க முடிவுசெய்ததை யாரும் வேண்டாம் என்று சொல்வதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

சாப்பிட்டு எழுந்ததிலிருந்து நான் யோசித்தேன். சொன்னால் கிணறு போகும். சொல்லாவிட்டால், தம் வணக்கம் சரியாக நிறைவேறுகிறது என்று நம்பி நிற்பவர்களை நான் ஏமாற்றுகிறேன். அளந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்த அளவு எனக்குச் சொந்தமாகிவிடாது. இவ்வளவு யோசித்தும், முடிவு என் கையில் இருக்கவில்லை. பிற்பகலில் அசர் தொழுகை முடிந்ததும் அத்தா எழுந்து நின்று, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கூட்டம் ஹவுளுக்கு ஓடியது. ஒருவர் முழங்கையைப் படியில் வைத்து முழம் போட ஆரம்பித்தார்.

"யாரு கை முழம்ங்க கணக்கு?" என்றார் ஒருவர். "நம்ம டெய்லர் பாய் கைய வச்சு அளங்க. பன்னெண்டு தேறும்."

குட்டையான தையல்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கைய ஏன்யா ஹவுளுக்குள்ள இழுக்குறீங்க? தச்ச சட்டையே பத்தலைன்னு ஏற்கெனவே ஊரு பேசுது."

ஹஜ்ரத் இளைஞர், அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளிவாசலுக்கு இமாமாக வந்திருந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நடுத்தர உயரமுள்ள ஆளின் முழம்தான் கணக்கு, அப்படி அளந்தால் குறைகிறது என்றார். இதுவரை தெரியாமல் தொழுதது கூடும், அதாவது செல்லுபடியாகும், இனிமேல் தெரிந்துகொண்டு செய்யக் கூடாது என்றும் சொன்னார்.

மாமா அத்தாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே மச்சான் பக்கத்துல நின்னு கட்டுனீங்க?"

"ஆமா. தப்பு என்னுதுதான்."

"சரி, விடுங்க. நோன்புக்கு முந்தி ரொப்பிருவோம். வடமதுரையில ஒருத்தரு எஞ்சின் வச்சிருக்காரு, சனிக்கிழமைக்கு வரச் சொல்றேன்."

நான் முன்னால் வந்தேன். "மாமா, எஞ்சின் வேணாம்."

"ஏன்டா? உன் மீனுக்கு எஞ்சின் சத்தம் ஆகாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மீனுக்கு நல்லதுதான் மாமா. ரொப்பினாப் பொழைக்கும். ரொப்பாட்டித்தான் சாகும்."

"அப்ப உன் படிப்புக்கும் நல்லதுதானே. பெறகு என்ன?"

"கிணறு உப்பாயிரும். இப்பவே ஏறிக்கிட்டு வருது. அடுத்த தெருக் கிணறு மாதிரி ஆயிரும்."

"எங்க அத்தா காலத்துலருந்து எறைக்கிறோம், உப்பாகல. நீ ரெண்டு வருசம் படிச்சதுல உப்பாயிருச்சாக்கும்?"

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. கையால் இறைப்பதற்கும் எஞ்சின் இறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தொடங்கினேன். பாதியில் என் குரல் எனக்கே பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டது. மாமா என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவர் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை.

மறுநாள் கிணற்றடியில் பெண்கள் பேசியதைத் தங்கை வந்து சொன்னாள். பக்கத்து வீட்டு மாமி எஞ்சின் சேதி கேட்டு, "எறைக்கட்டும், நல்லா எறைக்கட்டும். பேரன் பொறந்ததும் சக்கரைத் தண்ணிக்குப் பதிலா உப்புத் தண்ணி தொட்டு வச்சுக்கட்டும் முத்தவல்லி" என்றாராம். "எங்க மாமனாரப் பத்தி என் முன்னாடியே பேசுறாங்கண்ணே, நானும் சேந்து சிரிச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் தங்கை. அம்மா வீட்டிலிருந்த அண்டா, தவலை, செம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, அன்று மாலைக்குள் நிரப்பி வைத்தார். தெருவில் எல்லா வீட்டிலும் அதுவே நடந்தது.

சனிக்கிழமை காலையில் மாட்டுவண்டியில் எஞ்சின் வந்து இறங்கியது. அதன் பின்னாலேயே வந்தவர் என்னைப் பார்த்ததும், "ஏலே, நத்தைத் தம்பி! இது உங்க ஊருப் பள்ளிவாசலா?" என்றார். குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, மறுமுனையை ஹவுளின் படியில் வைத்துக் கட்டினார். கைப்பிடியைச் சுழற்றியதும் எஞ்சின் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மாமா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜமாஅத்தார் படிகளில் நின்று, தண்ணீர் விழுவதைப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன்கள் எல்லாம் குழாய் வாய்க்கு வந்து மொய்த்தன. கண்ணெதிரே என் ஆய்வு உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் கிணற்றுப் பக்கம் நின்றேன்.

கிணற்றில் நீர் இறங்கிய வேகம் பயங்கரமாக இருந்தது. அதுவரை தண்ணீருக்கு வெளியே தெரிந்திராத கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. சிறிது நேரத்துக்கு ஒருமுறை குழாய் நீரைச் சீசாவில் பிடித்துச் சோதித்தேன். முதலில் மெல்லிய மங்கல். அடுத்ததில் நீர்மோர் நிறம். அதற்கடுத்ததில் பால். சீசாவை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.

"பாருங்க மாமா. காலையில இது இப்படி இல்ல."

அவர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பால் மாதிரி இருக்கு. நீ மருந்த ஊத்துன, வெளுத்துருச்சு. இதுல நான் என்னத்தப் பாக்குறது?"

அவர் சொன்னது நியாயம். அந்த வெண்மை எனக்கு மட்டுமே பேசியது. கிணறு போவதை நிரூபிக்க என்னிடம் இருந்த ஒரே சான்று, வேறு யாருக்கும் சான்றாகவில்லை. படித்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு தனியாக நான் அதற்குமுன் நின்றதில்லை.

அப்போது பக்கவாட்டுக் கதவு லேசாகத் திறந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் சிலர். என்னைக் கைகாட்டி அழைத்து, ஒரு செம்பை நீட்டினார். குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் மாறவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு வாயை முந்தானையால் துடைத்தார். அம்மா செம்பை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மிச்சத்த உங்க மாமாகிட்டக் குடு. இன்னும் நோன்பு தொடங்கலல்ல, குடிக்கச் சொல்லு. உங்க தங்கச்சி குடுத்தாங்கன்னு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால், எல்லோருக்கும் கேட்டது. மாமா சிறு கதவைப் பார்த்தார். செம்பைத் தூக்கி ஒரு பெரிய வாய் குடித்தார். உடனே விழுங்கவில்லை. அத்தனை பேர் எதிரில் துப்பவும் முடியவில்லை. அவருடைய தொண்டை அசையும்வரை நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுங்கிய பிறகு அவர் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கணமும் கிணற்றில் உப்பு சேர்ந்துகொண்டிருந்தது.

"எஞ்சின நிறுத்துங்க" என்றார் அத்தா.

எஞ்சின்காரர் மாமாவைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். "நிறுத்தவா, ஓட்டவா? யாராச்சும் ஒருத்தரு சொல்லுங்கப்பா. எனக்கு வடமதுரை போகணும்."

மாமா செம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா நேராக எஞ்சினருகே போய் நின்றார். "நான்தான் சொல்றேன். நிறுத்துங்க."

எஞ்சின் நின்றதும் வந்த அமைதியில், குழாயில் மிஞ்சிய தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஹவுளில் தண்ணீர் தேவையான மட்டத்துக்கு வரவில்லை. அதற்கும் இதற்கும் இல்லாத நிலை.

மாமா எழுந்தார். "சரி. நிறுத்தியாச்சு. திங்கக்கிழமை நோன்பு. பஜாருலருந்து வர்ற அம்புட்டு பேருக்கும் ஒளுவுக்கு என்ன வழி மச்சான்?"

"வீட்டுல செஞ்சுட்டு வர முடிஞ்சவங்க செஞ்சுட்டு வரட்டும். மத்தவங்களுக்குக் கெண்டியில மோந்து வைப்போம். ஊத்திக் கழுவட்டும். ஒரு ஆளுக்கு ஒரு கெண்டி போதும்."

ஹஜ்ரத் மெல்லிய குரலில், அது கூடும் என்றார். முத்தவல்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

"யாரு எறைக்கிறது?"

"நான் எறைக்கிறேன்."

"அப்ப ஷாப்பு?"

"எறைச்சு வச்சுட்டு வாரேன்."

"வேணாம்" என்றார் மாமா. "எறைச்சுக்கிட்டே இருங்க."

செம்பை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அத்தா அதற்குப் பிறகு ஷாப்புக்குப் போகவில்லை.

நோன்பு மாதம் முழுவதும் அத்தாவும் நானும் கயிறும் வாளியுமாக அந்தக் கிணற்றில் இறைத்தோம். ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் கெண்டிகளை நிரப்பிப் படியில் வரிசையாக வைப்போம். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும் பிற்பகலில், குடிக்க முடியாத தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பது ஒருவிதமான சோதனைதான். அத்தா பேசவே இல்லை. அவருடைய மௌனம் வேலை போனதால் என்று நினைத்தேன். தங்கையின் கணவர் நோன்பு திறக்க அவ்வப்போது வந்து, கஞ்சி குடித்துவிட்டு, தன் தகப்பனாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போவார். தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிரசவம் முடிந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போக வருவார்களா என்ற கேள்வி அவள் கண்ணில் இருந்தது.

ஹவுளு வற்றியது. குறவைகள் சேற்றில் புதைந்தன, மற்றவை செத்தன. அவற்றைக் கூடையில் அள்ளிப் புதைத்தேன். வற்றும் நீரில் சாவின் வரிசையைப் பதிவு செய்வது என் ஆய்வுதான் என்றாலும், எஞ்சின் கொண்டுவந்த உப்பு கலந்துவிட்டதால் அந்தக் கணக்கு எதற்கும் பயன்படவில்லை. பேராசிரியர் அந்த அத்தியாயத்தையே விட்டுவிடச் சொன்னார்.

நாங்கள் காத்திருந்தது கிணற்றுக்காக. தெரு முழுவதும் அளவாகத்தான் இறைத்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று பெண்களே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் தினமும் சோதித்தேன். முதல் பத்து நாளும் சீசாவில் பால்தான். குடித்தால் குமட்டியது. நோன்பு திறந்து முதல் மிடறு குடிக்கும் எவரும் முகம் சுளிக்காமல் இருந்ததில்லை. பிறகு நீர்மோர் நிறத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

பெருநாளுக்குச் சில நாள் கழித்துத் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் மாமா வந்தார். பேரனைக் கையில் வாங்கி, காதில் பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்டார். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு மாமா. கொறைஞ்சிருக்கு. முழுசாப் போகல."

"எஞ்சின நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேலாச்சே. இன்னும் எங்கருந்துடா வருது உப்பு?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டுவிடக் கூடாது என்று நான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விடை எனக்குத் தெரியும். நோன்பு மாதம் முழுவதும் இறைத்தபோது, கிணற்றில் தோல் ஷாப்புப் பக்கத்துக் கற்களில் மட்டும் உப்புப் பூத்து நின்றதைப் பார்த்திருந்தேன். அந்த விடையில் எங்கள் சோறும், ஷாப்பில் வேலை செய்த எத்தனையோ குடும்பங்களின் சோறும் இருந்தன. சொல்லாவிட்டால், இந்தக் குழந்தை குடிக்கப்போகும் தண்ணீர் இருந்தது. அம்மா குழந்தையின் மேல் குனிந்திருந்தார். அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து, மாமா."

"அந்தப் பக்கம் நம்ம ஷாப்புல்ல இருக்கு?"

"ஆமா."

அவர் டம்ளரைக் கையில் உருட்டினார். "எந்தத் தொட்டி?" என்றார் கடைசியில்.

"அது எனக்குத் தெரியாது. உள்ள வந்து ஒவ்வொண்ணாப் பாத்தாத்தான்..."

"எனக்குத் தெரியும்" என்றார் அத்தா.

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"உப்புத்தோல ஊறப்போடுறோமே, சுவர ஒட்டி, கடைசித் தொட்டி. அடியில வெடிச்சிருக்கு. ராத்திரி ரொப்பினா விடியக்குள்ள ஒரு சாண் எறங்கிருக்கும்."

"எப்பருந்து தெரியும்?"

"ரெண்டு வருசமா. அத நிறுத்துனா வேல பாதி நிக்கும். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல."

மாமாவின் முகம் சிவந்தது. குழந்தை சிணுங்கியது, தங்கை அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வாய் வந்துருச்சுல்ல" என்றார் மாமா. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நாளைக்கு வந்து அந்தத் தொட்டியக் காலி பண்ணுங்க மச்சான். இவனையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலையில் அத்தாவும் நானும் ஷாப்பின் பின்கோடியில் அந்தத் தொட்டியின் விளிம்பில் நின்றோம். கலங்கிய, நுரை கட்டிய உப்புத் தண்ணீர் அதில் பாதிக்குமேல் இருந்தது. ஆட்கள் வாளிகளோடு தயாராக நின்றார்கள். மாமா கையை உயர்த்திச் சைகை செய்யப்போனவர், சட்டென்று நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இத எங்கடா ஊத்துறது?"

நான் சுற்றிப் பார்த்தேன். சுவருக்கு அப்பால் எங்கள் தெரு. ஷாப்புக்கு மறுபக்கம் வேறொரு தெரு. சாய்வு இறங்கும் திசையில் ஓடை. ஓடைக்கு அப்பால் யாரோ ஒருவரின் காய்கறித் தோட்டம், அதன் நடுவில் ஒரு கிணறு.